55 டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள்: மோதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் கம்மியாக மாறுகிறது?

முதலில் ஒரு சின்ன வேலை. ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு எவர்சில்வர் சிங்க்கிடம் போங்கள். சிங்க்கைச் சுற்றியுள்ள தட்டையான இடத்தில் வையுங்கள். நல்ல 304 கிரேடாக இருந்தால் ஒட்டாது. இப்போது கிண்ணத்தின் உள்மூலையில், தகடு நன்றாக இழுபட்டு வளைந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். லேசாக இழுக்கும். பாத்திரக் கடையில் "காந்தம் ஒட்டுச்சுன்னா டூப்ளிகேட்"னு சொல்வாங்க இல்லையா? அது பாதி உண்மைதான். ஒரே தகடு, ஒரே கலவை, ஆனா மூலையில மட்டும் காந்தம் ஒட்டுது. ஏன்னா அந்த இடத்துல உலோகம் வேறயா மாறிடுச்சு.

304 ஸ்டீல் அறை வெப்பநிலையில் ஆஸ்டினைட்டாக இருக்கிறது. முகமையக் கனசதுர அமைப்பு, காந்தத்துக்கு மசியாது. ஆனால் அந்த ஆஸ்டினைட் முழு நிம்மதியில் இல்லை. இழுத்தாலோ அடித்தாலோ அதன் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறிவிடும். அது காந்தத்தை ஈர்க்கும், ஆஸ்டினைட்டைவிடக் கடினமாகவும் இருக்கும். சூடாக்கித் தண்ணீரில் முக்கி மார்ட்டென்சைட் எடுப்பதைத்தான் மெட்டலர்ஜி லேபில் பார்த்திருப்போம். இங்கே குவென்ச்சிங் எதுவும் கிடையாது, திரிபு ஒன்றே போதும். இழுபட இழுபடத் தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்ளும் இந்தக் குணத்தை வேண்டுமென்றே வைத்து வடிவமைத்த ஸ்டீல்களுக்குத்தான் ட்ரிப் ஸ்டீல் என்று பெயர். ஸாக்கேயும் அவர் குழுவினரும் 1967-ல் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார்கள்.

கார் கம்பெனிகளுக்கு இது ஏன் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மோதும்போது நசுங்க நசுங்க இறுகும் உலோகம் அதிக ஆற்றலை விழுங்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் பிழைப்பார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யூடிஎம் மெஷினில் மெதுவாக இழுத்து எடுத்த தகைவு-திரிபு வளைவை அப்படியே மோதல் சிமுலேஷனில் போட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் கார் நிஜக் காரைவிடப் பலசாலியாகிவிடும். நிஜ மோதலில் அவ்வளவு மார்ட்டென்சைட் உருவாவதில்லை. தடுப்பது வெப்பநிலை. அதுவும் வெளியிலிருந்து வந்த சூடு இல்லை, அந்த மோதலே உண்டாக்கிய சூடு.

சூடு எங்கே போகும்?

ஒரு உலோகத்தை நிரந்தரமாக உருமாற்ற நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி வெப்பமாகிறது. டெய்லரும் குவின்னியும் 1934-ல் இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் அந்த விகிதத்துக்கு டெய்லர்-குவின்னி குணகம் என்று பெயர், வழக்கமாக 0.9 என்று எடுப்போம். அபாகஸில் இன்எலாஸ்டிக் ஹீட் ஃப்ராக்‌ஷன் என்று ஒரு பெட்டி வருமே, அதில் தானாகவே 0.9 உட்கார்ந்திருப்பது இதனால்தான். மிச்சம் உலோகத்துக்குள்ளேயே டிஸ்லொக்கேஷன்களாகத் தங்கிவிடும்.

கணக்குப் போடலாம். சராசரித் தகைவு 800 மெகா பாஸ்கல், திரிபு 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு 240 மெகா ஜூல் வேலை. அதில் 0.9 பங்கு, அதாவது 216 மெகா ஜூல், வெப்பம். அடர்த்தி 7900, தன் வெப்ப ஏற்புத்திறன் 500 என்று எடுத்தால் இரண்டின் பெருக்கம் 39,50,000. வகுத்தால் சுமார் 55 டிகிரி. 25-ல் தொடங்கிய துண்டு 80-ல் முடிகிறது.

மெதுவாக இழுத்தாலும் இதே வெப்பம்தான் உண்டாகும். அப்போ வித்தியாசம் எங்கே? வெப்பம் வெளியேற நேரம் கிடைக்கிறதா என்பதில்தான். 304-ன் வெப்பப் பரவல் திறன் நொடிக்குச் சுமார் 4 சதுர மில்லிமீட்டர். இதை நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வெப்பம் தோராயமாக எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று தெரியும். நொடிக்கு 0.001 என்ற திரிபு வீதத்தில் 0.3-ஐ எட்ட 300 நொடி. அதற்குள் வெப்பம் 35 மில்லிமீட்டர் நகரும். அது கிரிப் வரை போய், காற்றிலும் கலந்துவிடும், துண்டு கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே இருக்கும். நொடிக்கு 1000 என்ற மோதல் வேகத்திலோ மொத்தச் சமாச்சாரமும் 300 மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். வெப்பம் நகரும் தூரம் 0.035 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன் கூட இல்லை. பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. இதைத்தான் அடியபாட்டிக் என்கிறோம்.

நடுவில் ஒரு தொல்லை பிடித்த இடமும் உண்டு. நொடிக்கு 0.1 என்று இழுத்தால் 3 நொடி, தூரம் 3.5 மில்லிமீட்டர். இது முழுக்க சமவெப்பமும் இல்லை, முழுக்க அடியபாட்டிக்கும் இல்லை. "சீக்கிரம் முடிக்கலாம்"னு கிராஸ்ஹெட் வேகத்தைக் கூட்டி வைத்து டேட்டா எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அந்த வளைவில் பாதி வெப்பநிலையின் வேலை, ஆனால் ரெக்கார்டில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்போம்.

55 டிகிரி பெரிய விஷயமா?

மோதல் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓடிப்போய் எடுப்பது ஜான்சன்-குக் மாடலை. 1983-ல் வந்தது, எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. அதிலும் வெப்பநிலை உண்டு. உருகுநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் இடையே எத்தனை பங்கு ஏறியிருக்கிறோம் என்று பார்த்து, அந்த அளவுக்குத் தகைவைக் குறைக்கும். 304-க்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 1400 டிகிரி. 55-ஐ 1400-ஆல் வகுத்தால் 0.04. அடுக்கு 1 என்றால் தகைவு 4 சதவீதம் குறையும். அவ்வளவுதான். "சரி, வெப்பநிலையை விட்டுடலாம்"னு தோணும்.

ஆனால் இந்த மாடலுக்கு ஃபேஸ் மாற்றம் என்ற ஒன்றே தெரியாது. உள்ளே எவ்வளவு ஆஸ்டினைட், எவ்வளவு மார்ட்டென்சைட் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு 55 டிகிரி மிகப் பெரிய எண்.

ஏன் என்று பார்க்க ஏஞ்சல் 1954-ல் கொடுத்த ஒரு சூத்திரம் உதவும். எம்டி-30 என்பார்கள். 0.30 உண்மைத் திரிபு கொடுத்தால் சரியாகப் பாதி உலோகம் மார்ட்டென்சைட்டாக மாறும் வெப்பநிலை அது. 413-லிருந்து கழித்துக்கொண்டே போக வேண்டும்: கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து 462 மடங்கு, சிலிக்கன் 9.2 மடங்கு, மாங்கனீஸ் 8.1, குரோமியம் 13.7, நிக்கல் 9.5, மாலிப்டினம் 18.5 மடங்கு. எல்லாம் எடைச் சதவீதத்தில், விடை செல்சியஸில். குரோமியம் 18.2, நிக்கல் 8.1, மாங்கனீஸ் 1.5, சிலிக்கன் 0.5, கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்து 0.10 என்று போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 24 டிகிரி வரும். நம் ஏசி லேபின் வெப்பநிலை! அதாவது இந்த ஸ்டீல் நம் அறை வெப்பநிலையில் ஒரு கத்தி முனையில் நிற்கிறது. 80 டிகிரிக்கு ஏற்றினால் அந்த முனையிலிருந்து வெகுதூரம் தள்ளி வந்துவிடுகிறோம்.

அதே சூத்திரத்தில் குரோமியத்தை 19, நிக்கலை 9.5 ஆக்குங்கள். விடை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டுமே கடையில் 304 என்றுதான் விற்கும். வேறு யாரோ பேப்பரில் கொடுத்த மாறிலிகளை எடுத்து நம் தகட்டுக்குப் போடுவதற்கு முன்னால் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குவது இதனால்தான் அவசியம்.

வெப்பநிலை உள்ளே இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, சூடு கூடக் கூட ஆஸ்டினைட் நிலைபெறுகிறது, மார்ட்டென்சைட்டாக மாறுவதற்கான ஆற்றல் உந்துதல் குறைகிறது. இன்னொன்று, ஸ்டாக்கிங் ஃபால்ட் எனர்ஜி கூடுகிறது. அதனால் ஷியர் பேண்டுகள் குறைவாகவே உருவாகும். இரண்டு பேண்டுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மார்ட்டென்சைட் முளைக்கிறது. விதைக்க இடமும் குறைவு, விதைத்தாலும் முளைப்பது குறைவு.

ஆல்சன்-கோஹன் மாடலும் அதில் உள்ள ஒரு குழியும்

1975-ல் ஆல்சனும் கோஹனும் இந்தக் கதையை அப்படியே கணிதமாக்கினார்கள். முதலில் ஷியர் பேண்டின் பங்கு: 1-லிருந்து, ஆல்ஃபா × திரிபு என்பதன் எதிர்மறை அடுக்குக்குறியைக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கை 4.5 அடுக்குக்கு உயர்த்திப் பீட்டாவால் பெருக்குங்கள். அதன் எதிர்மறை அடுக்குக்குறியை மறுபடி 1-லிருந்து கழித்தால் மார்ட்டென்சைட்டின் பங்கு கிடைக்கும். ஆல்ஃபா பேண்ட் உருவாகும் வேகம், பீட்டா முளைக்கும் வாய்ப்பு. மேலே சொன்ன இரண்டு காரணங்களும் இந்த இரண்டு மாறிலிகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் வெப்பநிலையோடு குறையும்.

புரிவதற்காக நானே எண்களைத் தேர்ந்தெடுக்கிறேன், இவை எந்த நிஜத் தகட்டின் அளவுகளும் இல்லை. 25 டிகிரியில் ஆல்ஃபா 5, பீட்டா 2.2. 80 டிகிரியில் ஆல்ஃபா 3, பீட்டா 0.8. திரிபு 0.3-ல் கணக்குப் போட்டால், 25 டிகிரியிலேயே மெதுவாக இழுத்த துண்டில் 51 சதவீதம் மார்ட்டென்சைட். 80 டிகிரியில் வைத்து மெதுவாக இழுத்தால் 7 சதவீதம்.

சரி, 25-ல் தொடங்கி 80-ல் முடியும் மோதலில் எவ்வளவு? இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு முழித்தேன். நான் செய்தது எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அப்போதைய வெப்பநிலைக்கு ஆல்ஃபா, பீட்டா கண்டுபிடித்து, அப்போதைய மொத்தத் திரிபையும் சேர்த்து நேராக சூத்திரத்தில் போட்டேன். திரிபு 0.25-ல் 7.6 சதவீதம் வந்தது. 0.30-ல் 7.4. 0.35 வரை போனால் 5.8!

மார்ட்டென்சைட் குறைகிறது. இழுக்க இழுக்க, உருவான மார்ட்டென்சைட் மறுபடி ஆஸ்டினைட்டாக மாறுகிறது என்று மாடல் சொல்கிறது. அந்தத் திரும்புமாற்றம் நிஜத்தில் நடக்க வேண்டுமென்றால் பல நூறு டிகிரி வேண்டும். 80 டிகிரியில் நடக்கவே நடக்காது. நானோ முதலில் கோடில் ஏதோ பிழை என்று குறியீடு குறியீடாகத் தேடிக்கொண்டிருந்தேன். கோடு சரியாகத்தான் இருந்தது, சூத்திரத்தைப் பயன்படுத்திய விதம்தான் தவறு. அந்தச் சூத்திரம் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டு தொகையிட்டுக் கிடைத்தது. அதில் 80 டிகிரி மாறிலிகளைப் போட்டால், "ஆரம்பத்திலிருந்தே 80 டிகிரியில் இருந்தது" என்று அது நினைத்துக்கொள்கிறது. துண்டு குளிர்ச்சியாக இருந்தபோது உருவான மார்ட்டென்சைட்டை அது மறந்துவிடுகிறது.

வழி என்னவென்றால் வகைக்கெழு வடிவத்துக்குப் போவதுதான். மொத்தத்தைக் கேட்காமல் இந்தச் சின்ன ஸ்டெப்பில் எவ்வளவு புதிதாகச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். புதிதாக வரும் பேண்ட், அப்போதைய ஆல்ஃபாவை இன்னும் பேண்ட் ஆகாத பகுதியாலும் இந்த ஸ்டெப்பின் திரிபாலும் பெருக்கினால் கிடைக்கும். புதிதாக வரும் மார்ட்டென்சைட், மிச்சமுள்ள ஆஸ்டினைட் × அப்போதைய பீட்டா × பேண்ட் பங்கின் 4.5 அடுக்கில் இந்த ஸ்டெப்பில் வந்த கூடுதல். இரண்டையும் பழைய மதிப்போடு கூட்டிக்கொண்டே போங்கள். பழையது அப்படியே இருக்கும், புதியதன் வேகம் மட்டும் சூடு ஏற ஏறக் குறையும்.

அதே எண்கள், வெப்பநிலை திரிபுக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது என்று வைத்து 0.05 திரிபு ஸ்டெப்புகளாகக் கையாலேயே போடலாம், கால்குலேட்டர் போதும். 0.3-ல் சுமார் 22 சதவீதம் வரும். 51-ம் இல்லை, 7-ம் இல்லை. 1992-ல் ஸ்ட்ரிங்ஃபெல்லோ, பார்க்ஸ், ஆல்சன் மூவரும் இந்த வேக வடிவத்தைத் தகைவு நிலையையும் சேர்த்து எழுதினார்கள். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றல் உந்துதல் கூடும்போது மட்டும் அதற்கென்று ஒரு உறுப்பு சேரும், குறையும்போது அது அணைந்துவிடும். திரும்புமாற்றம் தவறியும் வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான். 1995-ல் டொமிட்டாவும் இவாமோட்டோவும் ஆல்ஃபாவுக்குள் ஸ்ட்ரெயின் ரேட்டையும் கொண்டுவந்தார்கள்.

அது எதற்கு என்றால், வேகம் என்பது சூட்டை மட்டும் கொடுப்பதில்லை. வேகமாக அடித்தால் ஷியர் பேண்டுகள் அதிகமாக உருவாகும், அது மாற்றத்துக்குச் சாதகம். ஹெக்கரும் கூட்டாளிகளும் 304-ல் செய்து 1982-ல் வெளியிட்ட சோதனைகளில் இது அழகாகத் தெரிகிறது. சுமார் 0.25 திரிபு வரை வேகமாக இழுத்த துண்டில்தான் மார்ட்டென்சைட் அதிகம். அதன் பிறகு சூடு ஜெயித்துவிடுகிறது, மெதுவாக இழுத்தது முந்திக்கொள்கிறது. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. உங்கள் மாடலில் அந்த வெட்டு வரவில்லை என்றால், வேகத்தின் இரண்டு முகங்களில் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

இன்னொரு சுழலும் இதற்குள் இருக்கிறது. மார்ட்டென்சைட் கூடினால் தகைவு கூடும், தகைவு கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் அடுத்த மார்ட்டென்சைட் குறையும். போதாததற்கு மாற்றம் நடக்கும்போதே கொஞ்சம் வெப்பமும் வெளிவரும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சுழல் இது. ஆகவே நான் மேலே செய்ததுபோல வெப்பநிலையை முன்கூட்டியே நேர்கோடாகக் கொடுப்பது கையால் போட மட்டும்தான் சரி. விமாட் சப்ரூட்டீன் எழுதும்போது வெப்பநிலை, பேண்ட் பங்கு, மார்ட்டென்சைட் பங்கு மூன்றையும் ஸ்டேட் வேரியபிளாக வைத்து, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தகைவோடு சேர்த்தே புதுப்பிக்க வேண்டும். தகைவை இரண்டு ஃபேஸ்களின் கலவையாகக் கணக்கிடுங்கள், ஜான்சன்-குக்கை வேண்டுமானால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். எக்ஸ்பிளிசிட் முறையில் ஸ்டெப் மிகச் சிறியது என்பதால் முந்தைய ஸ்டெப்பின் வெப்பநிலையை எடுத்தாலே போதும், உள்ளே இட்டரேஷன் ஓட்டத் தேவையில்லை.

டேட்டாவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஹாப்கின்சன் பார் பெரும்பாலான காலேஜ் லேபில் இருக்காது. ஆனால் ஆல்ஃபாவும் பீட்டாவும் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை. சூடாக்கும் அறை பொருத்திய சாதாரண யூடிஎம் போதும். 0, 25, 50, 80 டிகிரிகளில் மெதுவாக இழுங்கள், ஒவ்வொரு வெப்பநிலையிலும் சில துண்டுகளை வெவ்வேறு திரிபில் நிறுத்தி எடுங்கள். பிறகு ஃபெரைட்ஸ்கோப்பை வைத்து அளக்கலாம். சிங்க் மூலையில் நாம் காந்தத்தை வைத்தோமே, அதே தத்துவம்தான், கூடவே எண்ணும் காட்டும். ஆனால் அந்தக் கருவி டெல்டா ஃபெரைட்டுக்காக அளவீடு செய்யப்பட்டது. காட்டும் எண்ணை அப்படியே மார்ட்டென்சைட் சதவீதம் என்று எழுதிவிடக் கூடாது, எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இந்தச் சமவெப்ப டேட்டாவில் மாறிலிகளைப் பொருத்திவிட்டு, அவற்றைக் கொண்டு மோதலைக் கணிக்க வேண்டும். ஹாப்கின்சன் டேட்டா வெளியிலிருந்து கிடைத்தால் அதைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள். அதையும் பொருத்துவதற்கே பயன்படுத்திவிட்டால், மாடல் கணித்ததா ஒப்பித்ததா என்று தெரியாமல் போய்விடும்.

தொடக்க வெப்பநிலையையும் 25 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். லடாக்கின் குளிர்கால இரவில் மைனஸ் 20-ல் நிற்கும் காரும், மே மாத வெயிலில் 60 டிகிரிக்குத் தகடு காய்ந்து நிற்கும் காரும் ஒரே ஸ்டீலில் செய்தவைதான். முதல் கார் மோதினால் அதன் தகடு மாற்றத்துக்கு மிகச் சாதகமான இடத்தில் தொடங்கி, எம்டி-30-ஐத் தாண்டுவதற்குள் நிறைய மார்ட்டென்சைட் சேர்த்துவிடும். இரண்டாவது, தொடங்கும்போதே தாண்டி நிற்கிறது. ஒரே மாடலை இந்த இரண்டு தொடக்கத்திலும் ஓட்டி, விழுங்கிய ஆற்றலை ஒப்பிட்டால் ஒரு நல்ல மினி ப்ராஜெக்ட் ஆகும்.

ஓட்டி முடித்ததும் முதல் வேலையாக ஒரு எலிமெண்டை எடுத்து, மார்ட்டென்சைட் பங்கைத் திரிபுக்கு எதிராக வரைந்து பாருங்கள். 80, 100 டிகிரிக்குள் எங்காவது அந்தக் கோடு கீழே இறங்கினால் வண்ண வண்ண கான்டூர் படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, சூத்திரத்தை மொத்தமாகப் போட்டீர்களா, ஸ்டெப் ஸ்டெப்பாகப் போட்டீர்களா என்று கோடைத் திறந்து பாருங்கள்.